கஸ்பார் வைத்த மீன் குழம்பு

அமலோற்பவத்தின் செரிமான நொதிகள் மூவரும் அன்று மதியமும் வழக்கம்போல வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சாப்பாட்டோடு சாப்பாடாக அவள் வாய்க்குள் இறங்கினார்கள். ஒருவர் சோற்றை உடைப்பார், ஒருவர் மீனை, மற்றவர் எண்ணெயை. ஒருவர் வேலையை இன்னொருவர் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். அப்படி ஒரு ஜம்பம்.

கடைசிக் கவளத்தை விழுங்கும்போதுதான் நாத்தனார் செபஸ்தி வந்து சொன்னாள். அமலோற்பவத்தின் புருஷன் கஸ்பாரின் வள்ளம் கடலில் கவிழ்ந்து கிடக்கிறதாம். ஆளைக் காணோம்.

அந்தக் கடற்கரையில் ஒரு சட்டம். கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டிக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவான். அவள் அவனுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். ஒருவர் சமைத்தது மற்றவர் வயிற்றில் செரிக்கும்வரை, சமைத்தவருக்குச் சாவு கிடையாது. அதுவரை படகுகள் தேடும். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை துக்க மணியைத் தொடமாட்டார்.

அமலோற்பவம் வயிற்றில் கை வைத்தாள். "நிறுத்துங்கய்யா. அவர் வச்ச குழம்பு."

"நிறுத்தத் தெரியாதுக்கா," என்றார் உள்ளிருந்து மீனை உடைப்பவர். "சூடு இருந்தா கை தானா ஓடும்."

சூடுதானே? அவள் நேரே போய் மீன் பெட்டியில் ஐஸைக் கொட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூவரும் பல் கிடுகிடுக்க வெளியே வந்து வெயிலில் குந்தினார்கள். பாதி வேலையில் எழுந்து வந்த வருத்தம் அவர்களுக்கு.

ஐஸ் உருக உருக செபஸ்தி கொட்டினாள். படகுகள் தேடின. அமலோற்பவம் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. "அவர் இல்லன்னா நானும் பின்னாலயே போயிருவேன்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

ஐஸில் கிடந்த உடம்புக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? அனலாய்க் கொதித்தது. பிதற்றலில் கஸ்பார் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள், பாவி மகள். மூவரும் உள்ளே போய்விட்டார்கள்.

சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். "முடிஞ்சிட்டுக்கா. இது மட்டும் எங்க கைக்கு உடையல," என்று ஒரு கறிவேப்பிலையை அவள் உள்ளங்கையில் வைத்தார்கள்.

மணி அடித்தது. படகுகள் திரும்பின. கறிவேப்பிலையை ஆறடிப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். பக்கத்தில் அவளுக்கும் ஓர் இடம் விட்டார்கள். அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிக நாள் ஆகாது என்று நினைத்தாள்.

மறுநாள் காலை வாசலில் வேறு மூவர் நின்றார்கள். செருப்பில்லை, உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர். கஸ்பாரின் நொதிகள்.

"கடலுக்கு அடியில குளிர் தாங்கல மைனி. கை ஓடல, வந்துட்டோம்," என்றார் மூத்தவர். "நீங்க கட்டிக் கொடுத்த இடியாப்பம் அவர் வயித்துல அப்படியே இருக்கு. இனியும் அப்படியேதான் இருக்கும்."

அமலோற்பவம் அவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

இனி அந்த இடம் அவளுக்குத் தேவைப்படாது என்று செபஸ்தி போய்க் கோயில்பிள்ளையிடம் சொன்னாள். அவர் அன்றைக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அமலோற்பவத்துக்கென்று விட்டிருந்த இடத்தில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டார். காய்த்ததும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.