கன்னியப்பன் தண்ணீர் பிடிக்கப் போனார்

அந்தப் படைப்பிரிவில் 1916-ஆம் வருஷத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணத் தொடங்கிய ரோல் கால் இன்னும் முடியவில்லை. அதனால் ஆவண அலுவலகம் மைதானத்திலேயே நடக்கிறது. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் விறைப்பாக நிற்கிறார்கள். ஓர் இடம் மட்டும் காலி.

ரஞ்சிதம் அந்தக் காலியிடத்துக்காகத்தான் வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா கன்னியப்பனின் பெயருக்கு எதிரே ‘படையை விட்டு ஓடியவர்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதனால் வீட்டில் அவர் படம் சுவரைப் பார்த்துத் தொங்கியது. மை அழியாமல் படத்தைத் திருப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அம்மாவுக்கு எழுபத்தைந்து ஆகிறது. தாத்தா முகத்தை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்கிறாள்.

“அழிச்சிடுங்க சார்,” என்றாள் ரஞ்சிதம்.

“அவரு வந்து ஆஜர் சொல்லட்டும், அழிக்கிறேன்,” என்றார் பதிவேடு வைத்திருந்த ஹவில்தார் துரைவேலு. நியாயமான மனிதர்தான். நூற்றெட்டு வருஷமாக ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை.

“எங்க போனாரு?”

“தண்ணி பிடிக்க. அந்தத் தாழ்வாரத்துக் கோடியில குழாய் இருக்கு.”

“யாரும் போய்ப் பாக்கலையா?”

“வரிசைய விட்டுட்டு எப்படிம்மா போறது?”

தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. ரஞ்சிதம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விடாமல் நடந்தாள். கோடியில் குழாயடியில் குடுவையைப் பிடித்தபடி ஓர் இளைஞர் குந்தியிருந்தார். வயது இருபத்திரண்டு இருக்கும். மூக்கு அப்படியே அம்மாவின் மூக்கு. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

“ஓடிப்போயிட்டீங்கன்னு எழுதியிருக்காங்க தாத்தா.”

“குடுவை நிறையலையே கண்ணு. அவ்வளவு பேரும் தாகமா நிக்கிறாங்க. வெறுங்கையோட எப்படிப் போவேன்?”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் குடுவையில் ஊற்றினாள். நிறைந்தது.

திரும்பும்போது தாழ்வாரம் ஆறடிதான் இருந்தது.

“எண்ணூத்திப் பதிமூணு, கன்னியப்பன்!”

“ஆஜர்!”

எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரும் அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தார்கள். குடுவை கைமாறிக் கைமாறிப் போனது. கடைசி ஆள்வரை வந்தது. துரைவேலு சிவப்பு மையை அழித்துவிட்டு விரல்விட்டு எண்ணினார்.

“லீவு பாக்கி பதினேழு வருஷம், ஒன்பது மாசம். கூட்டிட்டுப் போம்மா.”

வீட்டில் கன்னியப்பன் தன் படத்தைத் தானே திருப்பி மாட்டினார். அம்மா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கை கழுவிட்டு வாங்க தாத்தா,” என்றாள். “சோறு ஆறுது.”

அவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் ஜோவென்று கொட்டியது. வெகுநேரம் கை கழுவினார்.