கட்டைவிரல் பதிந்த பிஸ்கட்டுகள்

அந்தப் போர்க்காலத்தில் என் கணவர் தெருவில் வருவதைக் கண்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிரசங்கத்தை ஆவலோடு கேட்பவர்களும் அவர்கள்தான். கடல் கடந்து பிரான்சுக்குப் போருக்குப் போன எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இறந்தால் தந்தி அவன் வீட்டுக்கு நேராகப் போகாது, போதகருக்கு வரும். அவர்தான் நடந்து போய்த் தாயிடம் சொல்ல வேண்டும். அரசாங்கம் செய்துவைத்த ஏற்பாடு அது. அந்த வேலை அவரை எவ்வளவு தின்றது என்பது எனக்குத் தெரியும்.

அதனால் நாங்கள் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். சாதாரணமாக ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போகும்போது நானும் குதிரை வண்டியில் ஏறிக்கொள்வேன். மடியில் ஒரு கேக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொள்வேன். கேக்கைப் பார்த்ததும் பெண்கள் மூச்சுவிட்டுக் கையசைப்பார்கள். அவர் தனியாக, நடந்து வந்தால் மட்டும் பயந்தால் போதும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

எப்படி வந்தாலும் பயப்படாதவள் ஹானா பெங்கெல்லி ஒருத்திதான். கணவனைச் சுரங்கத்தில் பறிகொடுத்தவள். ஒரே மகன் ரூபனுக்குப் பதினைந்து வயது. வயதுக்கு மீறிய உயரம். பட்டாளத்தில் சேரப் போய், "வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பால் குடி" என்று ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டவன். அந்த அவமானம் தீரட்டும் என்று ஹானாவே அவனை முர்ரே ஆற்றங்கரைக்கு அனுப்பிவைத்திருந்தாள். நீராவிப் படகுகளுக்கு விறகு வெட்டும் வேலை. அதனால் என் கணவர் நடந்து போனாலும் அவள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கையசைப்பாள்.

அவளுடைய அடுத்த வீடு எடித் ட்ரெவினுடையது. நடுவில் ஒரு கோதுமை வயல்தான். எடித்தின் மகன் சைலஸுக்குப் பத்தொன்பது வயது. ஊர் மண்டபத்தில் ஆள் சேர்க்கும் கூட்டம் நடந்தபோது அவனுடைய அப்பா ட்ரெவின் எழுந்து நின்று, என் மகனைத் தருகிறேன் என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். சைலஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுவடை முடிந்ததும் ஒரே ரயிலில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். சைலஸ் போருக்கு, ரூபன் ஆற்றுக்கு.

புதன்கிழமைகளில் ஆலயத்துக் கூடத்தில் நாங்கள் பட்டாளத்துப் பையன்களுக்குப் பொட்டலம் கட்டுவோம். தேயிலை டப்பாவில் ஓட்ஸ் பிஸ்கட்டை அடுக்கி, மூடி, மாவுப்பைத் துணியால் சுற்றித் தைப்போம். முட்டை சேர்க்காமல் பாகு மட்டும் விட்டுச் சுட்டால் கப்பலில் கெடாது. சைலஸுக்கான டப்பாவை எப்போதும் ஹானாதான் செய்வாள். சுடுவதற்கு முன் ஒவ்வொரு பிஸ்கட்டையும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். சிறு வயதில் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய விரல் அது, கொஞ்சம் கோணல். பள்ளமும் கோணலாகவே விழும். ஒருமுறை சைலஸின் கடிதத்தை எடித் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். "ஹானா அத்தையோட கட்டைவிரல் ஒண்ணுகூட உடையாம வந்து சேந்துச்சுன்னு சொல்லுங்க" என்று எழுதியிருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் ஊசிகள் கீழே விழுந்தன. ஹானா மட்டும் சிவந்துபோய், "அந்தப் பையனுக்கு நாக்கு நீளமாயிடுச்சு" என்றாள். அடுத்த டப்பாவில் இன்னும் ஆழமாக அழுத்தினாள்.

தந்தி வந்த நாளில் என் கணவர் தனியாக நடந்து போனார். தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. ஹானா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் கையசைத்தாள். அவர் அவள் வாசலைத் தாண்டி எடித்தின் வாசலில் நின்றதும் கையிலிருந்த ஈரத் துணியைப் போட்டுவிட்டு வயலின் குறுக்கே ஓடினாள். எடித் கீழே விழாமல் பிடித்தது அவள்தான்.

அதன்பின் அந்த வீட்டை ஹானாதான் நடத்தினாள். பசுக்களைக் கறந்தாள், அடுப்பு மூட்டினாள், எடித்தின் தலையை வாரிவிட்டாள். ஊர்வழக்கப்படி எல்லோரும் மூடிய பாத்திரங்களில் உணவைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆலயத்தில் சைலஸுக்காக நினைவு வழிபாடு நடந்தது. ஹானா எடித்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

இரண்டு ஞாயிறு கழித்து, ஒரு மத்தியானம், ட்ரெவின் எங்களை அழைத்துப்போக வண்டியோடு வந்தார். காரணம் சொல்லவில்லை. போனோம். சமையலறையில், மேசை முன்னால், சைலஸ் உட்கார்ந்திருந்தான்.

எனக்கு முதலில் தோன்றியது கர்த்தருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான். வாயைத் திறந்தேன். எடித்தின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவள் மகனின் சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தாள். சந்தோஷத்தில் இருப்பவளாகவும் தெரியவில்லை, துக்கத்தில் இருப்பவளாகவும் தெரியவில்லை. ட்ரெவின் உள்ளே வராமல் குதிரை லாயத்துக்குப் போய்விட்டார்.

சைலஸ் தலை நிமிராமல் சொன்னான். ரயில் மாறும் நிலையத்தில் அவன் நடைமேடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டிருக்கிறான். முன்னால் போகவும் முடியவில்லை, அப்பா முகத்தில் விழிக்கத் திரும்பவும் முடியவில்லை. ரூபன்தான், "உன் பேரைக் குடு, நான் போறேன். நீ ஆத்துக்குப் போ" என்றிருக்கிறான். அப்பா கையெழுத்திட்ட சம்மதச் சீட்டும் பெயரும் கைமாறின. சைலஸின் பெயரில் ரூபன் போனான். எங்கள் ஊரில் ஒரே பள்ளி, ஒரே ஆசிரியை. அவரிடம் பிரம்படி வாங்கிப் படித்த எல்லோருக்கும் ஒரே சாய்ந்த கையெழுத்து. எனவே பிரான்சிலிருந்து ரூபன் சைலஸாக எடித்துக்கு எழுதினான். ஆற்றங்கரையிலிருந்து சைலஸ் ரூபனாக ஹானாவுக்கு எழுதினான். இரண்டு தாய்மாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆற்றங்கரையில் மாமிசம் சுற்றி வந்த பழைய செய்தித்தாளில், இறந்தவர்களின் வரிசையில், சைலஸ் தன் பெயரைத் தானே படித்திருக்கிறான்.

 அரசாங்கத்துக்கு எழுதுவோம், அவர்கள் விசாரித்துச் சொல்லும்வரை ஹானாவிடம் எதுவும் சொல்லக்கூடாது என்றார் என் கணவர். ஒருமுறை தவறான வீட்டில் சொல்லிவிட்டேன், மறுபடியும் ஒரு தாயிடம் நிச்சயமில்லாமல் எப்படிச் சொல்வேன் என்றார். பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்பது அவருக்கும் தெரியும்.

எடித் கேட்டாள்: "அதுவரைக்கும் அவ வந்து எனக்குப் பால் கறந்து குடுக்கணுமா? நான் வாங்கிக் குடிக்கணுமா?"

  எனக்கு அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது, அவள் கேட்டதும் சரியாகத்தான் பட்டது. அதற்குள் பின்வாசலில் காலடி கேட்டது. ஹானாவுக்குக் கதவு தட்டுகிற வழக்கமில்லை. எடித் மகனை உள்ளறைக்குத் தள்ளினாள்.

ஹானாவின் கையில் துணி தைத்த டப்பா. எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எடித்திடம் தயங்கித் தயங்கிப் பேசினாள். "இது சைலஸுக்குன்னு சுட்டது. அந்தத் தந்தி வர்றதுக்கு முன்னாலயே தைச்சுட்டேன். வீட்ல வச்சுப் பாக்கவும் முடியல, பிரிச்சுத் திங்கவும் மனசு வரல. ஆத்துல இருக்கிற ரூபனுக்கு அனுப்பட்டுமா? உனக்கு வருத்தம்னா வேணாம் எடித்."

 உள்ளறைக் கதவு திறந்தது. சைலஸ் வந்து நின்றான்.

ஹானா டப்பாவை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அருகே போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். காதைத் தொட்டாள். பிறகு தோளில் ஓர் அடி வைத்தாள். "கழுதை. உங்கம்மா பாதி ஆளாப் போயிட்டா. எங்கடா இருந்த?" என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணீர் வழிந்தது. எங்கள் பக்கம் திரும்பி, "ஏன் எல்லாரும் இப்பிடி உக்காந்திருக்கீங்க? ஐயா, மணி அடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

யாரும் அசையவில்லை. அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது கோடாலி புடிச்ச கைல்ல? ஆத்துலயா இருந்த? அப்ப ரூபனப் பாத்திருப்பியே."

"ஆத்துல நான் மட்டும்தான் அத்தை இருந்தேன்."

"அவன் எழுதினானே. சளி புடிச்சுப் படுத்திருந்தேன்னு எழுதினானே. கம்பளிகூட அனுப்பினேன்."

"எனக்குத்தான் அத்தை சளி புடிச்சுது."

அவள் அவன் கையை விடவில்லை. அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் அவள் என் கணவரைப் பார்த்தாள்.

"நீங்க என் வாசலைத் தாண்டித்தானே போனீங்க."

"தாண்டித்தான் போனேன்மா. எனக்குத் தெரியாது."

"நான் கையகூட ஆட்டினேன்."

"ஆமா."

அவள் மேசைமேல் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டாள். "அப்ப எல்லாருக்கும் வந்த மாதிரி எனக்கும் வாங்க. என் வீட்டுக்கு வந்து சொல்லுங்க. இன்னொருத்தி சமையக்கட்டுல நின்னு நான் இதைக் கேக்க மாட்டேன்" என்றாள். பின்வாசல் வழியாக இறங்கி வயலைக் கடந்து போனாள்.

என் கணவரின் சட்டைப்பையில் தந்தி இல்லை. அரசாங்கத்தின் அனுமதி இல்லை. சைலஸின் வார்த்தையைத் தவிர வேறு நிச்சயமும் இல்லை. அவர் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் நின்றார். ஜெபம் செய்தாரா, குழம்பினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பிறகு கறுப்புக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார். குறுக்கே போயிருந்தால் பக்கம். அவர் தெருவைச் சுற்றி, தனியாக, நடந்தே போனார். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. வயலுக்கு அப்பால் ஹானா தன் வாசலில், கையைச் சமையல் ஏப்ரனில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றினார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவள் தலையாட்டிக் கேட்டாள். பிறகு வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

எடித் எழுந்தாள். அலமாரியில் அன்று காலை வந்திருந்த பாத்திரங்கள் மூடியபடி இருந்தன. ஆட்டிறைச்சிக் கறி, உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட பாஸ்ட்டி, ஒரு ஜாடி சூப். "இதெல்லாம் அவளுக்கு வர வேண்டியது. நான்தான் தப்பாத் தின்னுட்டு இருந்தேன்" என்று சொல்லி ஒன்றை என் கையில் கொடுத்தாள், ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள், ஒன்றைச் சைலஸின் கையில் வைத்தாள். வயலின் குறுக்கே மூவரும் போனோம். லாயத்து வாசலிலிருந்து ட்ரெவின் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வந்து, சைலஸின் கையிலிருந்த சூப் ஜாடியை வாங்கிக்கொண்டார்.

ஹானா தன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் விட்ட இடத்திலிருந்து எடித் தொடங்கினாள். அடுப்பை மூட்டினாள், கெட்டிலை ஏற்றினாள், அவிழ்ந்திருந்த ஹானாவின் தலைமுடியை வாரிவிட்டாள். சைலஸ் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டான்.

வாரி முடிவதற்குள் ஹானா என்னிடம் பேசினாள். "போதகரம்மா, நான் தினம் ஜெபம் பண்ணேன். குண்டு படாம சைலஸைக் காப்பாத்துன்னு கேட்டேன். என் புள்ளைக்கு சளி போகணும்னு மட்டும்தான் கேட்டேன். அங்க அவனுக்குன்னு யாரும் கேக்கலையே. ஒருத்தர்கூடக் கேக்கலையே."

போதகரின் மனைவிக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தேவன் எல்லாம் அறிந்தவர் என்று சொல்லலாம். சைலஸுக்காகக் கேட்டதைத் தேவன் கொடுத்துவிட்டார் என்ற நினைப்பும் வந்தது. அதை நினைத்ததற்கே என்னை நொந்துகொண்டேன். என் கணவரைப் பார்த்தேன். அவர் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

எடித்தான் சொன்னாள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"டப்பாவும் சைலஸ் பேருக்குத்தானே போச்சு ஹானா. தின்னது யாரு? உன் கட்டைவிரலைப் பாத்ததுமே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உடையாம வந்து சேந்துச்சுன்னு உனக்குத்தான் சொல்லி அனுப்பினான். பேர் மாறிப் போனாலும் போய்ச் சேந்துச்சே."

ஹானா தன் கோணல் விரலைப் பார்த்தாள். "அம்மா சுட்டதுன்னு தெரிஞ்சுதான் தின்னிருக்கான்" என்றாள். அதைக் கேள்வியாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. எடித் ஆமாம் என்றாள்.

சிறிது கழித்து ஹானா கத்தரியை எடுத்து டப்பாவின் தையலைப் பிரித்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். எழுந்து வாசற்படிக்குப் போனாள். எடித் சீப்பைப் பிடித்தபடியே பார்த்தாள். சைலஸ் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"புடி" என்றாள் ஹானா. "வெயில்ல நிக்காத. உள்ள வா."

அவன் வாங்கிக்கொண்டான். உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். தின்னலாமா கூடாதா என்று தெரியாமல், பிஸ்கட்டின் நடுவில் இருந்த கோணல் பள்ளத்தில் தன் விரலை வைத்தபடி, எடித் ஊற்றிக் கொடுத்த தேநீர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.