பன்னிரண்டு மணிக்குள் எடுத்த படங்கள்

கப்பல் கம்பெனியின் குடும்பக் கடித இணையப் பக்கத்தைத் திங்கட்கிழமை நண்பகலோடு மூடப்போவதாக ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட்டார்கள். மால்சுன் அதைத் தன் மருமகள் நாரேயிடம் சொன்னதோ முந்தின நாள் சாப்பாட்டு வேளையில்தான்.

"உன் மாமனார் கடல்லேர்ந்து எனக்கு எழுதினதெல்லாம் அதுலதான் இருக்கு. இருநூத்திப் பதினாலு. போயிடுமாம்" என்றாள், தண்ணீர் வரி கட்ட வேண்டும் என்று சொல்வதைப் போல. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு அவள் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

"இப்ப வந்து சொல்றீங்களே அத்தை!"

"உனக்கு ஆயிரம் வேலை. நடுவுல நான் ஒருத்தியா?"

திருமணமாகி நான்கு வருடம் ஆகியும் மாமியார் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. நாரே அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னாள்.

மால்சுன் விடியும் முன்பே சகால்ச்சி சந்தைக்கு, தன் மீன்கடைக்குப் போய்விட்டாள். நாரே ஏழரை மணிக்கு வீட்டிலிருந்த பழைய விண்டோஸ் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். அவளுடைய ஆப்பிள் கணினியில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. அது கேட்கும் பாதுகாப்பு நிரல் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். திறந்த பிறகும் எழுத்தை நகலெடுக்க விடவில்லை, அச்செடுக்க விடவில்லை. திரையை அப்படியே படம் பிடிப்பதுதான் ஒரே வழி.

அவள் கணினியில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் 'கிளிக்' என்ற சத்தத்தோடு படம் முகப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் அதற்கென்றே ஒரு விசை இருந்தது: பிரின்ட் ஸ்கிரீன். அழுத்தினாள். சத்தம் வரவில்லை. பழைய கணினி, ஊமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் என்பதால் மாலுமிகளின் குடும்பங்கள் எல்லாம் அங்கே முண்டியடித்தன. ஒரு கடிதம் திறக்கவே முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் ஆனது. திற, அழுத்து, அடுத்தது. மற்றவர் கடிதம் என்ற கூச்சத்தில் படிக்காமல் கடந்தாள். இருநூற்றுப் பதினான்காவதை அழுத்தியபோது மணி பதினொன்று முப்பத்திரண்டு.

படங்களைத் தேடினாள். ஒன்றுமே இல்லை.

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் கியூமினை அழைத்தாள்.

"அக்கா, அந்த பட்டன் படத்தைச் சேமிக்காது. கையில பிடிச்சு வெச்சிருக்கும், அவ்வளவுதான். அடுத்ததை அழுத்தினா முந்தினது போச்சு. ஒவ்வொண்ணா ஒட்டிச் சேமிச்சிருக்கணும்."

"அப்போ என்கிட்ட?"

"கடைசி ஒண்ணு இருக்கும். ஆப்பிள் மகாராணிக்கு இதுகூடவா..." சிரிக்க ஆரம்பித்தவன் அவள் மூச்சைக் கேட்டு நிறுத்திக்கொண்டான். "முதல்ல அதை ஒட்டிச் சேமிங்க. அப்புறம் விண்டோஸ் விசையையும் சேர்த்து அழுத்துங்க. திரை ஒரு கணம் மங்கும். மங்கினா சேமிச்சாச்சுன்னு அர்த்தம்."

கடைசிக் கடிதம் பிழைத்தது. நாரே மாமியாரை அழைத்தாள்.

"இந்த விலைக்கு விலாங்கு வேணும்னா நீயே கடல்ல குதிச்சுப் பிடிச்சுக்கோ!" என்று யாரையோ விரட்டிவிட்டு, "சொல்லும்மா" என்றாள் மால்சுன்.

நாரே சொன்னாள். வெட்டுப்பலகையில் கத்தியின் சத்தம் நின்றது.

"எத்தனை எடுக்கலாம் இனிமே?"

"முப்பதுக்கு மேல கஷ்டம் அத்தை. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். கல்யாணநாளுக்கு எழுதினதா? உங்க மகன் பிறந்தநாளுக்கா..."

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. மார்ச்சுலேர்ந்து அடுத்த ஜனவரி வரைக்கும்."

பட்டியலில் முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன. ஒன்றின் கீழும் பதில் இல்லை.

"அத்தை, இதுக்கெல்லாம் நீங்க..."

"திறக்கவே இல்ல. எங்கம்மா செத்தப்போ அவர் வரல. நடுக்கடல்லேர்ந்து எப்படி வருவார்? தெரியும். தெரிஞ்சும் ஆத்திரம். திரும்பி வந்தப்புறம் அவரும் கேக்கல, நானும் சொல்லல."

"மத்த கடிதமெல்லாம்?"

கத்தி மறுபடி பலகையில் விழ ஆரம்பித்தது.

"அதெல்லாம் நான் படிச்சதுதானே. பேசிக்கிட்டு இருக்காதே, எடு."

திரை மங்கியது, தெளிந்தது. மறுபடி மங்கியது. முப்பத்தொன்றாவது மங்கித் தெளிந்தபோது ஒரு நிமிடம் மீதி இருந்தது. இன்னொன்றைத் திறக்கப் பார்த்தாள். அது பாதி வருவதற்குள் 'இதுவரை எங்களோடு இருந்ததற்கு நன்றி' என்ற வரி வந்து நின்றது.

அரை மணியில் மால்சுன் ரப்பர் ஏப்ரனோடேயே வீட்டுக்குள் வந்தாள். நாரே தரையில் மண்டியிட்டாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. நூத்தி எண்பத்திரண்டு கடிதம் போச்சு."

"எந்திரி. ஒரு மாசம் கையில இருந்துச்சு. பயந்துக்கிட்டுக் கிடந்தது நான்." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணாடியைக் கடையிலேயே விட்டுட்டேன். நீ படி."

நாரே முதல் படத்தைத் திறந்தாள்.

"'டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறோம். மழை. இன்று இஞ்சின் அறையில் ஒரு கிண்ணம் சோறும் ஒரு குவளை சோஜு மதுவும் வைத்து உன் அம்மாவை விழுந்து கும்பிட்டேன். ஊர் எந்தப் பக்கம் என்று இரண்டாம் அதிகாரியைக் கேட்டேன். அவர் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார். ஆனால் நான் பாதி கும்பிடும்போதே கப்பல் திரும்பிவிட்டது. அதனால் மறுபடி முதலிலிருந்து கும்பிட்டேன்.'"

மால்சுன் வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று நாரேவுக்குத் தெரியவில்லை.

"மறுபடி முதல்லேர்ந்தா?"

"அப்படித்தான் எழுதியிருக்கார் அத்தை."

மால்சுன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அடுத்ததைப் படிம்மா."