துரை வருவதற்கு முன்

மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள், எறும்பு ஏறாமலிருக்க. மேலே கேக்கு மூன்று அடுக்காக நின்றது. விடியற்காலையில் ஊட்டியிலிருந்து காரில் வந்து இறங்கியபோது கல்லைப் போலிருந்த வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு, வைகாசி வெயிலின் புழுக்கத்தில் இப்போது பளபளவென்று வேர்த்திருந்தது. இரண்டு பெண்கள் மாறி மாறி விசிறி ஈ ஓட்டினார்கள். கிராமத்திலிருந்து வந்திருந்த சொந்தபந்தமான ஒரம்பரைச் சனங்கள் கொஞ்சம் தள்ளி நின்று, கோயில் தேரைப் பார்ப்பதுபோல அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாச்சியம்மாள் கேக்கைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில், ரிப்பன் கட்டிய வெள்ளித் தட்டில் கிடந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை யாராவது எடுக்க மாட்டார்களா என்றிருந்தது அவளுக்கு.

காலையில் அருமைக்காரர் முன்னின்று சீரெல்லாம் குறைவில்லாமல் முடித்து, மகள் மயிலாத்தாளின் கழுத்தில் தாலி ஏறியாகிவிட்டது. சாயங்கால விருந்து மாப்பிள்ளை நஞ்சுண்டனின் ஆசை. சீமையில் இஞ்சினீர் படிப்புப் படித்துவிட்டு வந்தவன். நாலு பேரைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துக் கேக்கு வெட்டினால் போதும் என்றுதான் அவன் சொன்னான். நாச்சியம்மாளின் புருஷன் பொங்கியண்ணக் கவுண்டர் அதைப் பிடித்துக்கொண்டார். கணபதி ஊரில் அவர் வைத்திருந்த பஞ்சு அரவை ஆலைக்கு இயந்திரம் தந்த கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடச் சென்னைக்கு ஆள் அனுப்பினார். துரையும் வருகிறேன் என்றுவிட்டார். அன்றிலிருந்து, துரை முன்னால்தான் கேக்கு வெட்டப்போகிறது என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். துரையைக் கூட்டிவரப் போத்தனூர் ஸ்டேஷனுக்கு மகன் பாலுசாமி பந்திக்கு முன்பே காரோடு போயிருந்தான். ரயில் தாமதம் என்று மட்டும் தகவல் வந்தது. கேக்கு வெட்டியதும், பொழுது சாய்வதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் பொள்ளாச்சிப் பக்கம் மாப்பிள்ளை ஊருக்குப் புறப்பட வேண்டும்.

பின்கட்டு அறையில் பாலுசாமியின் பெண்டாட்டி சாமியாத்தாள் படுத்துக் கிடந்தாள். ஏழாவது மாசம். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள்தான். முதலில் வெறும் வலி என்றாள். பிறகு சீலை நனைந்தது. வீட்டோடு இருந்து பிரசவமும் பார்க்கும் மருதாயி சீலைத் துணிகளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தைங்க, யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க," என்று சாமியாத்தாள்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். "மயிலு வண்டி ஏறீரட்டும். நான் தாங்கிக்குவனுங்க."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நாச்சியம்மாளுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா சின்னாத்தாள், நிச்சயத்துக்கு வரும் வழியில் பூனை குறுக்கே போனதென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், இன்னொரு நாள் பார்த்து வந்தவர். தாலி ஏறிய நாளிலேயே பெண் வீட்டில் இப்படி என்றால், மருமகளாக வந்தவளின் ராசி என்ன ராசி என்று அந்த வாய் ஆயுசுக்கும் கேட்கும். மகள் அதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்ன வேண்டும். அதனால் நாச்சியம்மாளும் சரி என்றுவிட்டாள். சரி என்று சொன்ன வாயை அப்போதிருந்து கடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அறையிலிருந்துதான் வருகிறாள். மருதாயி கதவோரம் இழுத்துப் போய்ச் சொன்னது காதிலேயே நின்றது. "என்ற கைக்கு அடங்காதுங்க அம்மணி. டாக்டரைக் கூப்புடுங்க. இன்னீம் பாத்துக்கிட்டிருந்தா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்லீங்க."

டாக்டரம்மா எங்கோ இல்லை, விருந்துக்கு வந்து பந்தலிலேயே இருந்தார். பெண்கள் வரிசையில், முதல் நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் சின்னாத்தாள்.

பொங்கியண்ணன் வாசலை விட்டு நகரவில்லை. தலையில் சரிகை உருமாலையும் புதுக் கோட்டுமாக, ரோட்டில் எழும் ஒவ்வொரு புழுதிக்கும் முகம் மலர்ந்து, அது மாட்டு வண்டி என்று தெரிந்ததும் சுருங்கினார்.

"ஏனுங்க," என்று அவள் அருகே போய் மெல்லச் சொன்னாள். "கேக்க இப்பவே வெட்டச் சொல்லீருங்க."

"என்ன புள்ள பேசற? துரை வரோணுமல்லோ."

"சாமியாத்தாளுக்கு நிக்க மாட்டீங்குதுங்க. ரத்தமாப் போகுது."

அவர் ஒரு கணம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. பிறகு கண் தானாக ரோட்டுக்குப் போய்விட்டது. "மருதாயி இருக்கறாளல்லோ? சித்த நேரம் பொறு. இந்தா வந்துருவாங்க. வந்ததும் வெட்டீரலாம். பொண்ணு வண்டி ஏறுனதும் டாக்டரைக் கூப்புட்டுக்க. ஊரே குந்தியிருக்குது நாச்சி. இப்பப் போயி..."

நாச்சியம்மாள் இருபத்தைந்து வருஷம் இந்த மனிதரோடு வாழ்ந்திருக்கிறாள். கெட்டவரில்லை. உள்ளே போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாரென்றால் துரையாவது கிரையாவது என்று கத்துவார். ஆனால் உள்ளே போக மாட்டார். அது பெண்கள் சமாச்சாரம். பார்க்காதவரைக்கும் அவருக்கு அது சித்த நேரம் பொறுக்கக்கூடிய ஒன்றுதான். நானும் மத்தியானத்திலிருந்து அப்படித்தானே இருந்தேன், அதுவும் பார்த்துக்கொண்டே, என்று நினைத்தாள்.

மேடைக்குப் போனாள். ரோசாப் பட்டில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். தலையில் சரிந்த பூச்சரத்தைச் சரிசெய்வதுபோல அவள் பின்னால் நின்றுகொண்டாள். அவசரத்தில் ஊசி குத்தியது. மகள் அசையவில்லை.

"அண்ணி எங்கீங்கம்மா? மத்தியானத்துலருந்து காணம்."

"தலவலின்னு படுத்திருக்கறா கண்ணு."

"பொய் சொல்றீங்க." மயிலாத்தாள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இறக்கினாள். அவள் தோளருகே தொங்கிய நாச்சியம்மாளின் முந்தானை ஓரத்தில் உள்ளங்கையளவு கறை. பட்டின் அரக்கு நிறத்தில் தூரத்திலிருந்து தெரியாது. பக்கத்திலிருந்து தெரிந்தது.

நாச்சியம்மாள் குனிந்து காதில் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்ல நாலு வார்த்தைதான் ஆயிற்று.

"எனக்காகவா?" என்று கேட்டாள் மயிலாத்தாள். பதிலுக்கு நிற்காமல் எழுந்தாள்.

புதுப்பெண் தானாக எழுந்து நடப்பதைக் கண்டு பந்தலில் பேச்சு குறைந்தது. அவள் மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். நஞ்சுண்டன் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தான். "துரை இன்னும் வரலியே," என்றான் தணிந்த குரலில்.

"அண்ணிக்கு முடியலீங்க. டாக்டரம்மா உள்ள போகோணும். இது முடிஞ்சாத்தான் அவங்களக் கூப்புட முடியுமாம்." அவள் குரல் உடைந்தது. அவனோடு அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். "புடிங்க."

அவன் வாசலில் நின்ற மாமனாரைப் பார்த்தான். தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு மயிலாத்தாளின் கை மேல் கையை வைத்து அழுத்தினான்.

கத்தி இறங்க மறுத்தது. உள்ளே இளகியிருந்தாலும் மேல் பூச்சு ஓடு மாதிரி நின்றது. இருவரும் சேர்ந்து பலம் கொடுக்க, சடக்கென்று விரிசல் விட்டு, மேல் அடுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்தது. யாரோ ஒரு ஆள் கை தட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். கூலிக்கு வந்திருந்த பேண்டுக்காரர்கள் அவசர அவசரமாக எங்கேயோ ஆரம்பித்து எதையோ வாசித்தார்கள். பொங்கியண்ணன் வாசலிலிருந்து திரும்பி, வாய் திறந்தபடி நின்றார்.

நாச்சியம்மாள் டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். என்ன சாக்குச் சொல்வதென்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "கொஞ்சம் உள்ளார வாங்க தாயி," என்றாள். டாக்டரம்மா அவள் முந்தானையைப் பார்த்தார். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்கீங்க டாக்டரைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் சின்னாத்தாள்.

நாச்சியம்மாள் வேகமாக நடந்தாள். பின்னால் கொலுசுச் சத்தம் தொடர்ந்து வந்தது. பின்கட்டு நடையில் டாக்டரம்மா அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துவதற்குள், சின்னாத்தாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கட்டில், கீழே வாளி, வாளியில் துணிகள், சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த வெளிறிய முகம்.

நடையில் இருவர் மட்டும் நின்றார்கள். பேண்டுச் சத்தம் இங்கே வரை கேட்டது.

"எந்நேரத்துலருந்து?"

"மத்தியானத்துலருந்துங்க."

"நாங்க அங்க பன்னீர் தெளிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தமே, அப்பவெல்லாம் இந்தப் புள்ள இங்க இப்பிடிக் கெடந்துதா?" சின்னாத்தாளின் குரல் ஏறியது. "எதுக்கு மறைச்சீங்க? எனக்குப் பயந்துக்கிட்டா?"

நாச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் பூனைக்கு வண்டியத் திருப்புனவதான். இதக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பன்னு எனக்கே தெரியாதுங்க. ஆனா என்ற வாய்க்குப் பயந்து ஒரு உசுரக் காவு குடுக்கப் பாத்தீங்களே சம்பந்தியம்மா, அத எங்க போயிச் சொல்றது?" மூச்சு வாங்க நின்றார். "உங்க பொண்ண இன்னிக்குக் கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு அப்பறம் பேசிக்கலாம்."

கதவு திறந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன. "யாராவது ஒருத்தர் வாங்க. காலைப் பிடிக்க ஆள் வேணும். சீக்கிரம்."

நாச்சியம்மாள் அடி எடுத்து வைத்தாள். அவளுக்கு முன்னால் சின்னாத்தாள் பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து பேச்சு வந்தது, வார்த்தை புரியவில்லை. ஒருமுறை சாமியாத்தாள் வீறிட்டாள். அதன்பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். மருதாயி வெந்நீருக்கு வெளியே வந்தபோது நாச்சியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"பெரிய உசுரு நிக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க. சின்னது..." மருதாயி உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுப்புக்கு ஓடினாள்.

வாசலில் காரின் ஹாரன் இரண்டுமுறை ஒலித்தது. நடையின் கோடியிலிருந்து பார்த்தால் பந்தலின் ஒரு துண்டு தெரியும். வெள்ளைத் தொப்பி ஒன்று குனிந்து பந்தலுக்குள் நுழைந்தது. பொங்கியண்ணன் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, சாய்ந்து கிடந்த கேக்கைத் தன் உடம்பால் மறைத்தபடி ஏதோ சொல்லிச் சிரித்தார். பாலுசாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். தலையெல்லாம் புழுதி. யாரோ அவன் கையில் ஒரு தட்டைத் திணித்தார்கள். அதில் ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுபோனவன், பெண்டாட்டி ஞாபகம் வந்ததுபோல நிறுத்தித் திரும்ப வைத்தான். தட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து ஈ மொய்க்காமல் மூடிக்கொண்டு, அவன் நடையை நோக்கி, அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தான்.