பென்சிலால் எழுதிய ஏழு பேர்

சனிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு என் கணவர் உரித்த பூண்டுப் பல் ஒன்றை மூக்குத் துவாரத்திலேயே செருகிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரல" என்றார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் போய்விட்டது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது. டாக்டர், திரும்பி வரும் என்றார். எப்போது என்று கேட்டதற்கு மின்விசிறியைப் பார்த்தார்.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பி ஆற்றிக்கொள்ளலாம். இவருக்குப் பட்டப்பெயரே மூக்கு. தொழில் நில அளவை. அது சோற்றுக்கு. மூக்கு, ருசிக் குழுவுக்கு.

குழுவில் ஒன்பது பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, அவர்களில் ஒருவருடைய டைல்ஸ் கடையின் மாடியறையில் கூடுவார்கள். சிறு ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சிய பீர்களை வரவழைத்து, இரண்டு விரல்கடை ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சுழற்றி, மோந்து, கண்ணை மூடிக்கொள்வார்கள். பிறகு பேசுவார்கள். குடிப்பது இடையில் எப்போதாவது நடக்கும். ஒருமுறை ஒரு பீரில் பழைய குதிரைப் போர்வையின் வாசனை இருக்கிறதென்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஒன்பது பேரில் ஒருவரும் குதிரையைத் தொட்டதில்லை. போர்வை எல்லோரிடமும் இருக்கிறது.

அடுத்த மாதம் பீர் போட்டி. நாற்பது ஆலைகள் வருகின்றன. தலைமை நடுவர் நாற்காலி இந்த முறை இந்தக் குழுவுக்கு. என் கணவர் அதற்கு ஒன்பது வருடம் காத்திருக்கிறார். என்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தது ஏழு மாதம்.

நாற்காலியில் உட்காரும் முன் ஒரு சோதனை உண்டு, குழுவே நடத்திக்கொள்வது. ஆறு கிளாஸ் பீர். ஒவ்வொன்றிலும் ஒரு கெட்ட வாசனை, சொட்டுக் கணக்கில் கலந்திருக்கும். உட்காரப்போகிறவர் நாலையாவது பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் நாற்காலி வேறு குழுவுக்குப் போய்விடும். சோதனை மறுநாள் மாலை.

"உண்மையச் சொல்லிடுங்களேன்" என்றேன்.

"என்னன்னு சொல்றது? மூக்குக்கு மூக்கு போச்சுன்னா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று வாரமாகத் தட்டில் எதை வைத்தாலும், சூடா இருக்கு, ஆறிப்போச்சு, இரண்டில் ஒன்றுதான் சொல்கிறார். காலையில் காபிப்பொடி டப்பாவைத் திறந்து முகத்தருகே வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். நான் வருவது தெரிந்தால் மூடிவிடுகிறார். அதைப் பார்த்திருக்காவிட்டால் நான் இதற்கு ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

குழுவில் கிளாஸ்களை நிரப்புவது நான். ஊற்றுகிறவருக்கு பீர் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அந்தத் தகுதி என்னிடம் நிரம்ப இருப்பதாக ஒருமனதாகத் தீர்மானித்து நாலு வருடமாகிறது. குடிக்கக் கூடாது என்று விதியில் இருக்கிறது. மோந்து பார்க்கக் கூடாது என்று இல்லை.

குழுவின் கிளாஸில் ஒரு பக்கம் மட்டும் பச்சையில் ஒரு பூ அச்சடித்திருக்கும். பீருக்குக் கசப்பு கொடுக்கிற பூவாம். அந்தப் பூவைக் கடிகார முள்ளாக்கினோம். பூ பன்னிரண்டைப் பார்த்தால் வெண்ணெய் வாசனை. இரண்டு என்றால் பச்சை ஆப்பிள். நாலு, நனைந்த அட்டைப்பெட்டி. ஆறு, வினிகர். எட்டு, கிராம்பு. பத்து, அழுகிய முட்டை. இந்த ஆறுதான் சோதனைக்கு வருமென்று அவர்களே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். நான் கிளாஸில் தண்ணீர் ஊற்றி, பூவைத் திருப்பி வைப்பேன். அவர் ஓரக்கண்ணால் பூவைப் பார்ப்பார். எடுப்பார், சுழற்றுவார், மோப்பார், கண்ணை மூடுவார்.

"வெண்ணெய். ஆனா உப்பில்லாத வெண்ணெய்."

"உப்பெல்லாம் நான் சொல்லலயே."

"அது நான் போடறது. வெறும் வெண்ணெய்னா நம்ப மாட்டாங்க."

இருபது தடவையில் இருபதும் சரி. குழாய்த் தண்ணீரில் இத்தனை குற்றம் கண்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்.

ஞாயிறு மாலை மாடியறையில் ஒன்பது பேரும் குளித்துவிட்டு, சென்ட் போடாமல் வந்திருந்தார்கள். சுவர் முழுக்க மாதிரி டைல்ஸ். குளியலறைப் பூக்களுக்கு நடுவே நீள மேசை. டைல்ஸ் கடைக்காரர் கீழே கடையில் தனியாக உட்கார்ந்து ஆறு ஜாடிகளிலும் சொட்டுகளைக் கலந்து, எதில் எது என்று எழுதி, கவரில் ஒட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சொட்டுப் புட்டிகள் ஒரு தட்டில் இரண்டு வரிசையாக இருந்தன, வரிசைக்கு மூன்று.

கடைசி நாற்காலியில் பல் டாக்டர். குழுவில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

"டாக்டர், இன்னைக்காவது ஒண்ணு சரியாச் சொல்லுங்க" என்றார் குழுவில் ஒருவரான வக்கீல். "பல்லப் புடுங்கற மாதிரி இல்ல இது."

"பாக்கறேன் சார்."

"நாள் பூரா கிராம்புத் தைலத்துல கெடக்கற மூக்கு. பாவம், அது என்ன பண்ணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அவர் சட்டைப்பையில் பேனா இருந்தது. மற்ற ஏழு பேரிடமும் பென்சில், முனையில் ரப்பர் வைத்தது.

விதி இதுதான். மூத்தவர் முதலில் உரக்கச் சொல்வார். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு, சுயமாக யோசித்து எழுதுவார்கள்.

நான் மேசைக்கு மறுபுறம் நின்று ஊற்றினேன். முதல் ஜாடியைச் சாய்க்கும்போதே வெண்ணெய் டப்பாவைத் திறந்த மாதிரி வந்தது. அவர் கிளாஸில் பூவைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைத்தேன். இரண்டாவதில் கிராம்பு, எட்டு. மூன்றாவது மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, நாலு. வினிகர், ஆப்பிள், முட்டை. ஆறும் வைத்து முடித்துச் சுவரோரம் போய் நின்றேன். ஊற்றிய பிறகு ஊற்றியவர் மேசைப் பக்கம் வரக் கூடாது.

என் கணவர் முதல் கிளாஸை எடுத்தார். சுழற்றினார். மோந்தார். கண்ணை மூடினார். அறையில் யாரும் மூச்சு விடவில்லை. வாசனை கெட்டுவிடும்.

"வினிகர்" என்றார். "பழ வினிகர்."

அப்போதுதான் பார்த்தேன். நான் அவருக்கு எதிரே நின்று ஊற்றியிருக்கிறேன். என் பன்னிரண்டு அவருடைய ஆறு.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. பதினாலு வருடமாக ஆட்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் வலது என் இடது என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அவர் பதினெட்டு வருடமாக நிலத்தில் கோணம் அளக்கிறவர். ஒரு கிளாஸின் முன்பக்கம் எது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பத்துப் பொருத்தம் என்பது இதுதான்.

ஏழு பேரும் கிளாஸை மோந்தார்கள். வக்கீல் தன் தாளில் முதலில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தார். "ஆமா, பின்னாடி லேசாப் புளிப்பு வருது." பக்கத்தில் இருந்தவர், "லேசாவா? மூக்கப் பிச்சுட்டுப் போகுது" என்றார். அந்த ஜாடியில் தான் எதைக் கலந்தோம் என்று டைல்ஸ் கடைக்காரருக்குத் தெரியும். அவரும் ஒருமுறை மோந்து, புருவத்தைச் சுருக்கி, வினிகர் என்று எழுதினார்.

பல் டாக்டர் ஏற்கனவே எழுதி முடித்திருந்தார். பேனாவில்.

இரண்டாவது, "பச்சை ஆப்பிள்." மூன்றாவது, "முட்டை. கெட்டுப்போய் நாளாச்சு." ஆறு கிளாஸும் அப்படியே போயின. ஆறு தடவையும் ரப்பர் துகளை ஊதினார்கள்.

கவரைப் பிரித்துக் கடைக்காரர் பட்டியலைப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. என் கணவர் ஆறும் தப்பு. ஏழு பேரும் ஆறும் தப்பு.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கிளாஸைப் பார்த்தேன். அவர் பார்வையும் அங்கே போனது. ஒரு விரலால் கிளாஸை மெதுவாக அரை வட்டம் திருப்பினார். புரிந்துவிட்டது. காது மடல்கள் சிவந்தன. வாயைத் திறந்தார்.

அதற்குள் வக்கீல் பட்டியலைப் பிடுங்கிக்கொண்டார்.

"இருங்க. வெண்ணெய் இருக்கற எடத்துல அண்ணன் வினிகர்ங்கறார். வினிகர் இருக்கற எடத்துல வெண்ணெய்ங்கறார். ஆப்பிளும் கிராம்பும் மாறியிருக்கு. அட்டையும் முட்டையும் மாறியிருக்கு. மூணு ஜோடி, மூணும் மாறியிருக்கு. மனுஷன் குருட்டாம்போக்குல சொன்னா இப்படி அமையுமா?" கடைக்காரரிடம் திரும்பினார். "அண்ணே, புட்டித் தட்ட எப்படி வெச்சிருந்தீங்க?"

"முன் வரிசையில மூணு, பின் வரிசையில மூணு."

"எந்த வரிசையில வெண்ணெய்?"

"முன்னாடி. பின்னாடி வினிகர், கிராம்பு, முட்டை."

"அவ்வளவுதான். தட்டத் திருப்பி வெச்சுட்டீங்க."

"லேபிளப் பாத்துத்தானே சொட்டு விட்டேன்…" கடைக்காரர் யோசித்தார். கிளாஸை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். "ஆனா வினிகர்தான் வருது. கண்ணு போச்சு போல. அண்ணி, நாளைக்குக் கடைக்கு வந்தா கண்ணு டெஸ்ட் பண்ணிடுவீங்களா?"

பதினோரு மணிக்கு வரச் சொன்னேன்.

"பட்டியலக் கண்ணால பாக்காமலே அதுல இருக்கற தப்பக் கண்டுபுடிச்சார் பாருங்க" என்றார் வக்கீல். "இதுக்குப் பேருதான் மூக்கு." கைதட்டினார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றார் பல் டாக்டர். "எனக்கு ஆறும் பட்டியல்ல இருக்கற மாதிரியே வந்துச்சு."

வக்கீல் அவர் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "பட்டியலே தப்பு, டாக்டர். தப்பான பட்டியலோட ஆறும் ஒத்துப்போனா என்ன அர்த்தம்?"

வக்கீல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆறும் தப்புன்னு அர்த்தம். ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல."

கடைக்காரர் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இன்னொரு தடவை சோதனை வைத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். என் கணவர் திறந்த வாயை இன்னும் மூடவில்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன்.

"விடுங்க" என்றார் கடைக்காரரிடம். "மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்."

என்ன பெருந்தன்மை என்று ஒருவர் சொன்னார்.

நல்ல பீர் ஒன்றைத் திறந்தார்கள். நான் பின்பக்கம் போய்க் கழுவுதொட்டியில் கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தேன். ஐம்பத்து நாலு கிளாஸ். கதவுக்கு அந்தப் பக்கம் என் கணவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் அவர் குரலில் இவ்வளவு உயிர் இருந்து நான் கேட்கவில்லை.

பல் டாக்டர் தன் ஆறு கிளாஸ்களைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"கொடுங்க அக்கா, நான் தொடைக்கறேன்."

"வேணாம் டாக்டர். நீங்க போய்க் குடிங்க."

"இனிமே இங்க வரப்போறதில்ல." துணியை எடுத்து ஒரு கிளாஸைத் துடைத்தார். "அது பெரிசில்ல. என் வேலையில பாதி மூக்குலதான் ஓடுது. வாயத் தொறந்தா எந்தப் பல்லுக்கு அடியில சீழ் இருக்குன்னு எக்ஸ்ரேவுக்கு முன்னாடி சொல்லிடுவேன். நேத்துகூட அப்படித்தான் ஒரு பல்ல எடுத்தேன். இன்னைக்கு ஆறுக்கு ஆறும் தப்புன்னா, நேத்து எடுத்தது சரியான பல்லுதானான்னு பயமா இருக்கு. நாளைக்கு கிளினிக்க மூடிட்டு தலைக்கு ஸ்கேன் எடுக்கப் போறேன்."

நான் குழாயை மூடினேன். உள்ளே யாரோ மேசையைத் தட்டி, தலைமை நடுவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். என் கணவர் தொண்டையைச் செருமினார்.

டாக்டர் துடைத்த கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"ஊத்தும்போது நீங்க ஒவ்வொரு ஜாடியா மோந்து பாத்தீங்க. நான் கவனிச்சேன். முதல் ஜாடியில உங்களுக்கு என்ன வாசனை வந்துச்சு, அக்கா?"