லாண்டரிக்காரரின் கம்பு

பிரசங்கியாருக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்றதும் அவர் மனைவி பயந்துபோனது உண்மைதான். ஆனால் ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா சொன்னதைக் கேட்டபோது, அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்காக அப்புறம் ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"எடுத்தது சாதாரணக் கட்டிதான், பயமில்ல. ஆனா நாற்பத்திரண்டு நாள் இவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் மோசம். மீறிப் பேசினா குரல் போனது போனதுதான். பேசாம இருந்தாலும் முழுசா வருமான்னு அப்புறம்தான் சொல்ல முடியும்."

நாற்பத்திரண்டு நாள்! இந்த மனுஷனா? பல் தேய்க்கும்போதுகூடப் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே நல்ல சமாரியனைப் பற்றி மூன்று குறிப்பு சொல்கிறவராயிற்றே!

சொந்த ஊர் மிஷன் சங்கம் அவர்கள் இருவரையும் கடல் தாண்டி இந்த நகரத்துக்கு அனுப்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாடியில் இரண்டு அறை. கீழே லாண்டரி. நாள் முழுக்கத் தரை வழியாக வெதுவெதுப்பும் சோப்பு வாசனையும் ஏறி வரும். ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். ஐந்து பேர் வருவார்கள். அதில் ஒருவர் பக்கத்துக் கிடங்கின் காவல்காரர். இரவு வேலை முடித்து நேராக வருவார், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

பிரசங்கியாரோ ஐந்து பேருக்கும் ஐயாயிரம் பேருக்குப் பேசுவதுபோலத்தான் பேசுவார். ஒரு மணி நேரம் தாண்டியதும் கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு இடி விழும். உயரத்தில் தொங்கும் துணிகளைக் கொக்கி போட்டு எடுக்கிற நீளக் கம்பு ஒன்று லாண்டரிக்காரரிடம் உண்டு. அந்தக் கம்பால்தான் கீழேயிருந்து மேல்தளத்தை இடிப்பார். பிரசங்கியார் அதைச் சாத்தானின் தடை என்று எடுத்துக்கொண்டு இன்னும் உரக்கப் பேசுவார். அவர் மனைவி அதைக் கடிகாரமாக எடுத்துக்கொண்டாள். முதல் இடிக்கு எழுந்துபோய்க் கெட்டிலை வைத்தால், மூன்றாம் இடிக்குத் தண்ணீர் கொதித்திருக்கும். பிரசங்கமும் முடிந்திருக்கும்.

விஷயம் கேள்விப்பட்டதும் சங்கத்துச் செயலாளர் கடிதம் போட்டார். 'குரல் இல்லாமல் அங்கே ஊழியம் எப்படி நடக்கும்? நாற்பத்திரண்டு நாள் கழித்து நிலைமையை எழுதுங்கள். குரல் வராவிட்டால் நீங்கள் ஊர் திரும்ப ஏற்பாடு செய்கிறோம்.' அன்பான கடிதம்தான். ஆனாலும் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் ஞாயிறு. பிரசங்கியார் இருபத்திரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, மனைவியை வாசிக்கச் சொல்லி சைகை காட்டினார். அந்த ஊர்ப் பாஷை அவளுக்குக் கடைகண்ணிக்குப் போய்வருகிற அளவுதான் தெரியும். நாலு பக்கம் தட்டுத்தடுமாறி வாசித்தவள், தாளை மடித்து வைத்தாள்.

"மிச்சம் அடுத்த வாரம்."

காவல்காரர் பாவமாகப் பார்த்தார். "என்னம்மா, எனக்குக் கண்ணு சொருகறதுக்குள்ள முடிச்சுட்டீங்களே!"

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். கையில் கம்போடு லாண்டரிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"யாராவது செத்துட்டீங்களா?"

"ஐயோ, இல்லையே! ஏன்?"

"மூணு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா கை தானா கம்பைத் தேடுது. இன்னிக்குத் தூக்கிட்டு நின்னு பார்க்கறேன், சத்தத்தையே காணோம். மனசு கேக்கல, ஏறி வந்தேன்."

அவள் தனக்குத் தெரிந்த பாஷையில் விவரம் சொன்னாள். லாண்டரிக்காரர் பிரசங்கியாரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ, நான் என்ன சொன்னாலும் இவர் பதில் பேச மாட்டாரு?"

"மாட்டாரு."

"ஒரு வார்த்தைகூட?"

"ஒரு வார்த்தைகூட."

லாண்டரிக்காரர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பிடித்ததுதான். தினமும் மத்தியானம் பெரிய மெஷினில் துணியைப் போட்டதும் மேலே வந்துவிடுவார். மெஷின் ஓடி நிற்க நாற்பது நிமிஷம். யார் சட்டைப்பையில் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள், எந்த வக்கீல் காலரில் எவ்வளவு அழுக்கு, இஸ்திரிப் பக்கத்தைப் பார்க்கிற தன் மனைவி எப்படி ஒரு மடிப்புக்கு மூன்று முறை சண்டை போடுவாள், எல்லாம் கொட்டுவார். பிரசங்கியார் முதலில் சிலேட்டில் விறுவிறுவென்று பதில் எழுதினார். எழுதி முடித்துத் தூக்கிக் காட்டுவதற்குள் மனுஷன் மூன்று விஷயம் தாண்டிப் போயிருப்பார். இரண்டாம் வாரம் பிரசங்கியார் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டார். கன்னத்தில் கை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

அவர் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததேயில்லை. கல்யாணமான புதிதில் பார்த்தாளோ என்னவோ, ஞாபகம் வரவில்லை.

ஆனால் முப்பதாம் நாள், குளியலறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று அவர் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், கரையில் போட்ட மீன் மாதிரி. அவள் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சண்டைக்குப் போனாள். 'ஆண்டவரே, குரலைக் கொடுத்ததும் நீர்தான், இத்தனை கடல் தாண்டிக் கூட்டிவந்ததும் நீர்தான். கைவிட மாட்டீர், தெரியும். தெரிஞ்சாலும் பயமாத்தான் இருக்கு, என்ன செய்ய?' பதிலுக்குத் தொட்டிக்குழாய் மட்டும் கொடகொடவென்றது. அவள் இன்னொரு தட்டை எடுத்துத் தேய்த்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் லாண்டரிக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். கீழே ஒரு மெஷினும் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. வழக்கமாகக் கொட்டுகிறவர் கொட்டாமல் இருந்தால் அறையே கனத்துவிடுகிறது.

"நாளைக்குக் காலையில என் வீட்டுக்காரிக்கு இருதயத்துல ஆபரேஷன்," என்றார் கடைசியில். "ரொம்ப நாளா மறைச்சு வச்சிருந்தா. வெந்நீர் ஆவியில மூச்சு வாங்குதுன்னே சொல்லிட்டிருந்தா. நேத்துதான் எல்லாம் தெரிஞ்சுது." உள்ளங்கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "உங்க சாமிகிட்ட சொல்லணும். எனக்குப் பேசத் தெரியாது. ஐயா, நீங்க எனக்காகப் பேசறீங்களா?"

மூன்று வருஷமாகப் பிரசங்கியார் காத்திருந்த கேள்வி. ஐந்து பேரில் ஒருத்தராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கின கேள்வி. இன்னும் நாலே நாள் பாக்கி இருக்கும்போது வந்து நிற்கிறது! பிரசங்கியாரின் வாய் திறந்தது. பேசினால் குரல் போய்விடும். பேசாவிட்டால் இந்த மனுஷன் வெறுங்கையோடு படியிறங்கிப் போவார். 'வேண்டாங்க' என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டு நின்றாளே தவிர, சொல்லவில்லை. அது அவரும் ஆண்டவரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

பிரசங்கியார் வாயை மூடினார். சிலேட்டை எடுத்து எழுதினார். 'நீங்களே பேசுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.' எழுதிவிட்டுத் தரையில் முழங்காலிட்டுக் கையை நீட்டினார்.

"நானா? என்னத்தைப் பேச?" லாண்டரிக்காரர் அவளைப் பார்த்தார்.

"எங்ககிட்ட தினம் பேசறீங்களே, அதே மாதிரிதாண்ணே."

முழங்கால் மளுக் மளுக்கென்று சத்தம் போட, அவரும் கீழே இறங்கினார். பிரசங்கியார் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"ஐயா, வணக்கம். நான் கீழ லாண்டரிங்க. இவங்க பேசறப்ப கம்பால இடிச்சது நான்தான். அது உங்க சமாச்சாரம்னு அப்போ தெரியாது, மன்னிச்சுக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "முப்பது வருஷத்துல எங்க கடையில ஒரு கைக்குட்டைகூட தொலைஞ்சதில்ல. யார் கொடுத்தாங்களோ அவங்ககிட்டயே பத்திரமா திருப்பிக் கொடுத்திருக்கோம். நாளைக்கு அவளை உங்க கையில கொடுக்கறேன். எனக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. அவ்வளவுதான்." பிறகு தாழ்ந்த குரலில், "அம்மா, இதை எப்படி முடிக்கறது?"

"ஆமென்னு சொன்னா போதும்ணே."

"ஆமென்," என்றார். பிரசங்கியாரின் உதடுகள் மட்டும் அசைந்தன. கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது.

இவருக்குக் குரல் இருந்திருந்தால் கால் மணி நேரம் அழகாக ஜெபித்திருப்பார், அந்த மனுஷன் ஆமென் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்கே செயலாளருக்குக் கடிதம் எழுதினாள். 'குரல் வருமா என்று இன்னும் தெரியவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் எங்களை இங்கேயே விட்டுவிடுங்கள்.' காலையில் நடந்ததையும் அப்படியே எழுதினாள். அவள் எழுதும் எதிலும் பத்துத் தப்புக் கண்டுபிடிக்கிற பிரசங்கியார், படித்துவிட்டு ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்திரண்டாம் நாள் டாக்டரம்மா, "எங்க, 'ஆ' சொல்லுங்க," என்றார். துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆனால் வந்தது.

"நல்லது. ஆனா ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் பேசலாம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆகக்கூடாது. ஆயுசுக்கும் அப்படித்தான்."

அத்தனை நாளுக்குப் பிறகு பிரசங்கியார் பேசிய முதல் வார்த்தை, "இருபதுதானா?"

"ஸ்தோத்திரம்!" என்றாள் மனைவி.

செயலாளரின் பதில் ஒரே வரியில் வந்தது: 'அங்கேயே இருங்கள்.'

அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. காவல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆறாவது நாற்காலியில் லாண்டரிக்காரர், கையில் கம்பு இல்லாமல். பிரசங்கியார் கரகரத்த குரலில் பேசிக்கொண்டே போனார். உற்சாகத்தில் நேரம் மறந்துபோயிற்று.

கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு இடி விழுந்தது.

எல்லாரும் லாண்டரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது. "நான் இங்க இருக்கேனே! வீட்டுக்காரிக்குக் கட்டிலைக் கடைக்குள்ளயே போட்டுக் கொடுத்திருக்கேன். கடிகாரத்தைத் தலைமாட்டுல வைன்னா, கம்பைக் கைக்கிட்ட வைன்னா. படுத்த வாக்குலயே இடிக்கிறா. இருபத்தோராவது நிமிஷம் ஐயா! அவகிட்ட நான் முப்பது வருஷமா தப்பிச்சதில்ல, நீங்க எம்மாத்திரம்!"

பிரசங்கியார் பாதி வாக்கியத்தில் நின்றார். தரையைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவர் மனைவி எழுந்துபோய்க் கெட்டிலை வைத்தாள். இன்றைக்கு ஒரு கோப்பை கீழேயும் போக வேண்டும்.