காய்ச்சலுக்கு விட்ட இடம்

தேர்வுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் தலைமையாசிரியர் கணக்கு டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொன்னால் பேச்சு பலகையைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியும்.

பலகை பள்ளி வாசலில் இருந்தது. கல்லூரி நுழைவுத் தேர்வில் பள்ளி எடுத்த சராசரி மதிப்பெண் அதில் பெரிதாக எழுதியிருக்கும். முடிவு வந்த அன்றே அவர் ஏணி போட்டு ஏறி, பழைய எண்ணை அழித்துப் புதியதைத் தன் கையாலேயே தீட்டுவார். பெயிண்டரை நம்ப மாட்டார். பிள்ளைகள் அவருக்கு ‘போர்டு சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. கேட்காதது போல இருந்தார். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தச் சராசரி எப்படி வந்தது என்பதும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் வரை தேர்வு விரும்பியவர்களுக்கு மட்டும். சனிக்கிழமை, கட்டணம் கட்டி, பெரிய ஊருக்குப் போய் எழுத வேண்டும். நன்றாகப் படிக்கிறவர்கள் போனார்கள். மற்றவர்களைப் போ என்று பள்ளி சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்துவிட்டது.

இந்த வருடம் அரசு விதியை மாற்றியது. கடைசி வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுத வேண்டும். வேலை நாளில், சொந்தப் பள்ளியில், கட்டணம் இல்லாமல். மதிப்பெண் நேராக அரசுக் கல்லூரிகளுக்குப் போகும். இன்ன பாடத்தில் இடம் தருகிறோம், வா என்று கல்லூரிகளே பிள்ளைகளைக் கூப்பிடும். தேர்வுக்கு வராதவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பள்ளிகளைப் பற்றி அரசு வெளியிடும் அறிக்கையிலும் மாற்றம். சராசரியோடு, எத்தனை பேர் எழுதினார்கள் என்பதும் அதில் வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் எழுதினால் போதும், மேற்கொண்டு கேள்வி இல்லை. பள்ளியில் கடைசி வகுப்பில் நூற்றிருபது பேர். ஆறு பேர் வராமல் போகலாம். காய்ச்சலுக்கும், கால் முறிவுக்கும், வீட்டில் நேர்ந்த சாவுக்கும் அரசு விட்டுவைத்த இடம் அது.

தலைமையாசிரியர் அதை வேறு மாதிரி படித்திருந்தார்.

“மாதிரித் தேர்வுல கடைசி ஆறு பேரு. அவங்க செவ்வாய்க்கிழமை வீட்ல இருந்தா நல்லது. நீங்க பேசினா கேப்பாங்க” என்றார்.

கணக்கு டீச்சர் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். ஆறு பேர் இல்லாவிட்டால் சராசரி ஒரு மயிரிழை உயரும். பள்ளி அந்த மயிரிழையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அரசு வைத்த கோட்டுக்குக் கீழே போனால் ஆய்வுக்கு ஆள் வரும். அடுத்த வருடமும் போனால் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டுக் கட்டடத்தைப் பூட்டுவார்கள். அவள் இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும்போது வேலைக்கு வந்த கட்டடம் அது. சரி என்றாள்.

அவள் பேசினால் கேட்பார்கள் என்பது உண்மை. அழுகிற குழந்தையின் கையிலிருந்து மிட்டாயை வாங்கிக்கொண்டு, அந்தக் குழந்தையையே நன்றி சொல்லவும் வைத்துவிடுவாள் என்று ஆசிரியர் அறையில் அவளைக் கேலி செய்வார்கள்.

அன்று மாலையே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். பையனைக் கஷ்டப்படுத்த வேண்டாமே என்றாள். ஒரு தேர்வு மனதை உடைத்துவிடக் கூடாது பாருங்கள் என்றாள். செவ்வாய்க்கிழமை உடம்பு சரியில்லை என்றால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னாள். ஒரு அம்மா, டீச்சருக்கு எவ்வளவு அக்கறை என்று உருகினாள். ஒரு அப்பா, என் மகன் வராத நாளில்தான் உங்களுக்கு நிம்மதி என்று சிரித்தார். அவள் கூடச் சிரிக்க வேண்டியிருந்தது.

ஐந்தாவது லாரிக்காரர். அவர் மகனை வகுப்பில் ‘தூங்குமூஞ்சி’ என்பார்கள். விடிவதற்கு முன்னால் அப்பாவோடு மூட்டை ஏற்றிவிட்டு வருகிறவன் முதல் இரண்டு பாடவேளையும் தூங்காமல் என்ன செய்வான்? லாரிக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அவனுக்குப் படிப்பு வராதுன்னு எனக்கும் தோணும் டீச்சர். ஆனா சொல்றதுக்கு யாரும் இல்ல. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே அவனை வண்டியிலயே ஏத்திக்கறேன். நல்லா இருங்க.”

அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். படிப்பு வராது என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் அவர் கேட்டது அதைத்தான்.

ஆறாவது நபருக்குப் போன் செய்ய வேண்டியதில்லை. அது அவளுடைய அக்கா மகள் குட்டி.

அக்காவின் சலவைக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போனாள். உள்ளே நீராவி. கம்பி நெடுக வாடிக்கையாளர் சட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. பெயர், வாங்கிப்போகும் நாள். குட்டி முக்காலியில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். வந்ததிலிருந்து நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் தங்கை.

“என்னடி மென்னு முழுங்கறே? வீட்டுக்காரரோட சண்டையா?”

“சும்மா இரு அக்கா.”

அப்போதுதான் அதைக் கவனித்தாள். கம்பியின் கடைசியில், கண்ணாடித் தாள் உறைக்குள், ஒரு பள்ளிச் சீருடை. கத்தி போல மடிப்பு. சீட்டில் பெயர் ‘குட்டி’. நாள் ‘செவ்வாய்’.

அக்கா அவள் பார்வை போன திசையைப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆர்டர் வந்தால் ஆர்டர்தானே, சொந்த வீடு என்றால் மட்டும் தாமதமாகக் கொடுக்கலாமா என்று சிரித்தாள். பிறகு, இந்த வீட்டிலிருந்து அந்தத் தேர்வை எழுதுகிற இரண்டாவது ஆள் குட்டி, முதல் ஆள் நீ என்றாள். தான் ஏன் எழுதவில்லை என்று அவள் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை.

குட்டி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

“சித்தி, ஒரு கேள்வி வரலைன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம்ல?”

“போகலாம்.”

“கடைசில திரும்ப வந்து அதைப் பாக்கலாமா?”

“நேரம் இருந்தா பாக்கலாம்.”

“அது போதும்” என்றாள் குட்டி. அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமலே கணக்கு டீச்சர் வீட்டுக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியரிடம், ஐந்து பேர் முடிந்தது, ஆறாவது என் அக்கா மகள் என்றாள். அவர் பதறிப்போனார். நிஜமாகவே பதறினார். அவர் கெட்டவர் இல்லை.

“அடடா, உங்க வீட்டுப் பொண்ணா? முன்னாலயே சொல்லக் கூடாதா? அவ எழுதட்டும். அவளுக்கு மேல இருக்கறவளை எடுத்துக்குவோம். அந்தத் தையல்காரம்மா பொண்ணு.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஒரு நாற்காலியை நகர்த்திப் போடுகிற மாதிரி. தையல்காரம்மா வீட்டிலும் ஒரு சீருடை தொங்கிக்கொண்டிருக்கும் என்று கணக்கு டீச்சருக்குத் தோன்றியது. லாரிக்காரர் வீட்டில் வெள்ளிக்கிழமை வரை தொங்கியிருக்கும்.

“யாரையும் எடுக்க வேணாம் சார். எல்லாரும் எழுதட்டும்.”

அவர் அரசு வைத்த கோட்டைப் பற்றிப் பேசினார். ஆய்வைப் பற்றி, பூட்டைப் பற்றி. அவள் மறுக்கவில்லை. எல்லாம் உண்மைதான். பூட்டுவதாக இருந்தால் எல்லோரும் ஒரு தடவை எழுதிவிட்டுப் போன பிறகு பூட்டட்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். பலகையின் பின்பக்கம்தான் தெரிந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“நான் உங்ககிட்ட எதுவும் கேக்கலை” என்றார் கடைசியில். “நீங்களும் எதுவும் சொல்லலை. போங்க.”

மறுபடி ஐந்து வீடுகளுக்கும் போன். இந்தத் தடவை அவளுடைய தேன் நாக்கு அவளைக் கைவிட்டது. நான் சொன்னது தப்பு, பிள்ளையை அனுப்புங்கள். அவ்வளவுதான் வாயில் வந்தது. உருகிய அம்மா இப்போது உருகவில்லை. நீங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தான், இப்போதுதான் தெளிந்திருக்கிறான், மறுபடியும் ஆரம்பிக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் கணக்கு டீச்சர். சிரித்த அப்பா, பள்ளிக்கூடத்தில் காலையில் ஒன்று மாலையில் ஒன்றுதான் சொல்லித்தருகிறீர்களா என்று கேட்டுவிட்டு, அனுப்புகிறேன் என்றார்.

லாரிக்காரர் போன் கிடைக்கவில்லை. வீட்டு எண்ணில் அவர் மனைவி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையே லோடு ஏற்றிக்கொண்டு அப்பாவும் மகனும் கிளம்பிவிட்டார்களாம். திரும்ப எப்போது என்று வண்டிக்குத்தான் தெரியும். எப்படியாவது சொல்லிவிடுங்கள் என்றாள் டீச்சர். சொல்கிறேன், ஆனால் நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை எல்லா வகுப்புக் கதவுகளிலும் எண் ஒட்டியிருந்தது. தேர்வில் கணக்கும் உண்டு என்பதால், தேர்வு அறைகளில் கணக்கு ஆசிரியர்கள் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் அவளுக்கு வாசல்.

பிள்ளைகள் வந்தார்கள். தையல்காரம்மா மகள் வந்தாள். நான்கு வீடுகளிலிருந்தும் நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் அவளைப் பார்க்காமல் போனான். குட்டி நடந்தபோது கஞ்சி போட்ட பாவாடை மொடமொடவென்று சத்தம் போட்டது. சித்தி என்று கூப்பிட வாயெடுத்து, மிஸ் என்று திருத்திக்கொண்டு ஓடினாள்.

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஒருத்தன் வரணும் சார்” என்றாள்.

அவர் சாலையை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். தேர்வு அறிவுரைகளை அவர்தான் ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் கதவு மூடப்படும். அதற்குப் பிறகு வருகிறவனுக்கு அரசு இடம் வைக்கவில்லை.

தினமும் காலை அறிவிப்பை ரயில் போகிற வேகத்தில் படிக்கிற மனிதர் அவர். முடித்த பிறகுதான் பிள்ளைகள் காதைத் தீட்டுவார்கள். இன்றும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார் என்று நினைத்து அவள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

அவர் நிதானமாகத் தொடங்கினார். ஒவ்வொரு விதியையும் படித்தார். படித்ததற்கு விளக்கமும் சொன்னார். பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று சொன்னார். பெயர் எழுதும் கட்டத்தில் பெயரை எழுத வேண்டும் என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தி, அமைதி வரும்வரை காத்திருந்து, அந்த விதியை முதலிலிருந்து படித்தார். ஒரு இடத்தில் கண்ணாடியைத் துடைப்பதாக அறிவித்துவிட்டுத் துடைத்தார். கடைசியில் விதிகள் தீர்ந்துபோயின. தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியைப் படிக்கத் தொடங்கினார்.

கணக்கு டீச்சர் கையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அவர் தெருப் பெயருக்கு வந்தபோது லாரி திருப்பத்தில் தெரிந்தது. நிற்பதற்குள் பையன் குதித்தான். தலையெல்லாம் மூட்டையிலிருந்து சிந்திய மாவு. சட்டையில் பாதி உள்ளே, பாதி வெளியே. அவளைத் தாண்டி ஓடியவன் திரும்பி வந்தான்.

“மிஸ், பென்சில்.”

அவள் தன் கொண்டையில் செருகியிருந்ததை உருவிக் கொடுத்தாள். மாடிப்படியில் அவன் காலடிச் சத்தம் ஏறியது. ஒலிபெருக்கியில் அச்சகத்தின் ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் வந்தன. பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது.

“அறிவுரைகள் முடிந்தன. தொடங்கலாம்.”

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பள்ளி முழுவதும் தாள் புரளும் சத்தம் மட்டும். காலி நாற்காலி ஒன்றுகூட இல்லை. சராசரி இந்த வருடம் இறங்கும். எவ்வளவு என்று போட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

லாரிக்காரர் இறங்கி வந்தார். பனியனில் வேர்வை. ராத்திரி முழுக்க ஓட்டிய கண்கள். கோபமாக வருகிறார் என்று நினைத்து அவள் நிமிர்ந்து நின்றாள். அவர் பலகைக்குக் கீழே நின்று, மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழியெல்லாம் பையன் தூங்கவே இல்லை என்றார். டீச்சர் வரச்சொன்னாங்களா, அவங்களே சொன்னாங்களா என்று நான்கைந்து தடவை கேட்டானாம்.

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அடுத்த வாரமும் லோடு இருக்கு டீச்சர். அவனை ஏத்திக்கவா, இங்கயே விட்டுட்டுப் போகவா? நீங்களே சொல்லுங்க.”